ஹெட் ஆபீஸ் குடுத்த அப்ரூவல் சிஸ்டம்: 20 மாசம் யூஸ் பண்ணின பிறகு ஒரு ரிவ்யூ

நான் ஒரு மல்டிநேஷனல் குரூப்போட சப்சிடியரில (தாய் கம்பெனிக்குச் சொந்தமான துணை கம்பெனி) ஃபைனான்ஸ் பாக்குறேன். ஒரு ஃபேக்டரி, ஒரு சேல்ஸ் டீம், மொத்தம் 300 பேருக்கு கொஞ்சம் மேல. குரூப்புல எங்களை மாதிரி 40 கம்பெனிக்கு மேல இருக்கு, அதுல நாங்க சின்னவங்க. 20 மாசத்துக்கு முன்னாடி ஹெட் ஆபீஸ்ல இருந்து எல்லாருக்கும் ஒரே பர்ச்சேஸ், அப்ரூவல், பேமென்ட் பிளாட்ஃபார்ம்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, கூடவே வேற ஒரு நாட்டுல உக்காந்து எல்லா கம்பெனியோட வெண்டர், பில் வேலையையும் ஒரே இடத்துல பாக்குற ஷேர்டு சர்வீஸ் சென்டரும் வந்துச்சு. அந்த ரெண்டையும் சேத்துதான் இந்த ரிவ்யூ. சாஃப்ட்வேர் பேரை வேணும்னேதான் சொல்லலை, ஏன்னா எனக்கு இருக்கிற குறையில முக்கால்வாசி அதை செஞ்சவங்க மேல இல்ல, அதை எங்களுக்கு செட் பண்ணிக் குடுத்த விதத்து மேலதான். இதே மாதிரி ஒண்ணு உங்க சப்சிடியரிக்கும் வரப்போகுதுன்னா, கோ-லைவுக்கு (சிஸ்டம் ஓட ஆரம்பிக்கிற நாள்) முன்னாடியே இதைப் படிச்சிடுங்க, அப்புறம் படிச்சா பாதி பிரயோஜனம்தான்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், அது நிஜமாவே இருக்கு. பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), சரக்கு வந்த ரசீது, வெண்டர் (சப்ளை பண்றவர்) பில், இந்த மூணும் ஒத்துப்போனா மட்டும்தான் காசு வெளிய போகும். முன்னாடி எங்க பழைய சாஃப்ட்வேர்ல ஒரே பில்லை நடுவுல ஒரு கோடு சேத்து ரெண்டாவது தடவை என்ட்ரி போட்டா அது வேற பில்லுன்னு நம்பிடும், இது முதல் மாசமே அப்படி ரெண்டு பில்லைப் பிடிச்சு நிறுத்துச்சு. மொபைல்ல அப்ரூவ் பண்றது சுலபம். யார் எப்போ என்ன மாத்துனாங்கன்னு வரலாறு அழியாம நிக்குது, ஆடிட் சமயத்துல ஃபைல் தேடி அலையுற வேலை போச்சு. இன்னொண்ணு, எங்க ஆளுங்களுக்குக் கசக்கும் ஆனா சொல்லித்தான் ஆகணும்: வருஷக்கணக்கா ஒரே வெண்டர்கிட்ட பழக்கத்துக்காக வாங்கிட்டிருந்த சில சாமானுக்கு, பக்கத்து சப்சிடியரி எவ்ளோ குடுக்குதுன்னு இதுல பாத்தப்போதான் எங்களுக்கே உறைச்சுது.

கொள்முதல் பண்றவர் வெண்டரை உருவாக்க முடியாது, வெண்டரை உருவாக்குறவர் பேமென்ட் ரிலீஸ் பண்ண முடியாது. இந்தப் பிரிவினையை எங்க ஆளுங்க நிறைய பேர் "நம்ம மேல நம்பிக்கை இல்ல"ன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1995ல பேரிங்ஸ் பேங்க் கதை தெரிஞ்சவங்களுக்குப் புரியும். 1762ல ஆரம்பிச்ச லண்டன் பேங்க், சிங்கப்பூர் கிளையில நிக் லீசன்னு ஒரே ஆள் டிரேடிங்கும் பண்ணி அதோட கணக்கு செட்டில்மென்டையும் தானே பாத்துட்டிருந்தார், நஷ்டத்தை ஒரு எரர் அக்கவுன்ட்ல மறைச்சு வெச்சார், லண்டன்ல இருந்து கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம கேட்ட பணத்தை அனுப்பிட்டே இருந்தாங்க. கடைசில 82 கோடி பவுண்டுக்கு மேல நஷ்டம், பேங்கை ஐஎன்ஜி 1 பவுண்டுக்கு வாங்குச்சு. அமெரிக்கால லிஸ்ட் ஆன குரூப்னா 2002ல வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துப்படி கன்ட்ரோல் ஒழுங்கா இருக்குன்னு மேனேஜ்மென்ட் சொல்லியாகணும், தப்பாப் போனா அவங்க தலைதான் உருளும். அதனால ஹெட் ஆபீஸ்காரங்க கன்ட்ரோல் கேக்குறதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

என் குறை வேற இடத்துல. இந்த சிஸ்டத்துல ஒரு மூலையில அப்ரூவல் மேட்ரிக்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு. யார், எந்த வகை செலவு, எவ்ளோ வரைக்கும், அதுக்கு மேல யாருக்குப் போகணும், அவ்ளோதான் அதுல இருக்கும். உண்மையான அதிகாரம் மொத்தமும் அந்த டேபிள்லதான் இருக்கு. ஆர்க் சார்ட்ல எங்க எம்டி இன்னும் அதே பெட்டியிலதான் இருக்கார், விசிட்டிங் கார்டும் அதேதான். ஆனா முன்னாடி ஹெட் ஆபீஸ் கரன்சியில 1,00,000 வரைக்கும் கையெழுத்து போட்டவர், கோ-லைவ் அன்னைக்கு காலைல இருந்து 10,000க்கு மேல போட முடியாது. அவரோட அதிகாரத்தைக் குறைக்கிறோம்னு எந்த போர்டு மீட்டிங்லயும் யாரும் பேசலை, எந்த லெட்டரும் வரலை. "ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட்"னு 114 பக்க டாக்குமென்ட்ல 87ஆம் பக்கத்துல அனெக்ஷரா வந்துச்சு, அதுல நாங்களே சைன்-ஆஃப் பண்ணியிருந்தோம். அந்த சைன்-ஆஃப் மீட்டிங்ல நானும் இருந்தேன், நாங்க எல்லாரும் ஸ்கிரீன் எப்படி இருக்கு, ரிப்போர்ட் எக்ஸெல்ல வருமான்னு கேட்டுட்டு இருந்தோம்.

லிமிட் ஹெட் ஆபீஸ் கரன்சியில இருக்கிறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது தோணவே தோணாது. மாசாமாசம் டிரஷரி (குரூப்போட பணத்தைப் பாக்குற டிபார்ட்மென்ட்) ஒரு ரேட் ஃபிக்ஸ் பண்ணும், சிஸ்டம் அதை வெச்சுதான் மாத்திப் பாக்கும். எங்க கரன்சி கொஞ்சம் ஏறினா, வெண்டர் ஒரு காசு ஏத்தாமலேயே அதே சர்வீஸ் கான்ட்ராக்ட் லிமிட்டைத் தாண்டிடும். எங்களுக்கு அப்படி ஒரு தடவை ஆச்சு, மார்ச்ல எம்டி கையெழுத்துல முடிஞ்ச அதே தொகை ஏப்ரல்ல ரீஜனல் ஆபீஸ் வரைக்கும் போய் 12 நாள் நின்னுச்சு. எங்க எம்டியோட அதிகாரம் எவ்ளோன்னு கரன்சி மார்க்கெட் முடிவு பண்ணுது.

இப்போ அந்த கியர்பாக்ஸ் கதை. ராத்திரி 11:40க்கு பேக்கிங் லைன்ல ஒரு கியர்பாக்ஸ் போச்சு. டீலர்கிட்ட ஸ்டாக் இருக்கு, வண்டியில 40 நிமிஷம். ஆனா அந்த டீலர் சிஸ்டத்துல இல்ல, ஏன்னா டேட்டா மைக்ரேஷன் அப்போ 18 மாசமா பில் இல்லாத வெண்டரையெல்லாம் கழிச்சு விட்டுட்டாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் டீலர்கிட்ட நாம மாசாமாசமா வாங்குவோம்? மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குவோம், வாங்கும்போது உடனே வேணும். புது வெண்டர் போடணும்னா 31 ஃபீல்டு, பேங்க் லெட்டர், தடைப் பட்டியல் (வியாபாரம் பண்ணக் கூடாதவங்க லிஸ்ட்) செக், அப்புறம் ஷேர்டு சர்வீஸ் சென்டர், அவங்க எஸ்எல்ஏ (முடிச்சுத் தர்றதா ஒத்துக்கிட்ட நேரம்) 5 வேலை நாள். அவசரம்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, டிக் பண்ணினா ரீஜனல் கேட்டகரி லீடுக்கு (அந்த வகை கொள்முதலை ரீஜன் முழுக்கப் பாக்குறவர்) போகும், அவர் லீவுல இருந்தார், சப்ஸ்டிட்யூட் செட் பண்ணலை. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் டீலர் கடையில இருந்தே எனக்கு போன் பண்ணினார், "சார், பார்ட் என் கண்ணு முன்னாடி டேபிள் மேல இருக்கு, எடுத்துட்டு வர முடியல, நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க"ன்னார். 26 வருஷ சர்வீஸ் அவருக்கு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம சும்மா இருந்த அந்த பத்து செகண்ட் இன்னும் என்னைக் குடையுது.

லைன் 61 மணி நேரம் நின்னுச்சு. அந்த வாரம் ஹெட் ஆபீஸ் டாஷ்போர்டுல எங்க கம்ப்ளையன்ஸ் (ரூல்படி நடந்தது) 100%, பச்சை. நின்னுபோன லைனுக்கு அந்த டாஷ்போர்டுல கட்டமே இல்ல, ஏன்னா அதை டிசைன் பண்ணின டேபிள்ல ஃபேக்டரி ஆளு ஒருத்தரும் உக்காரலை.

அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆளுங்க 1,800க்கு ஒரே பிஓ போடாம 950, 850ன்னு ரெண்டா உடைச்சுப் போட ஆரம்பிச்சாங்க, டிபார்ட்மென்ட் ஹெட் லிமிட் 1,000ங்கிறதால. தப்புதான், நான் அதை நியாயப்படுத்தலை, கண்ணுல பட்டதைத் திருப்பி அனுப்பினேன். ஆனா இன்டர்னல் ஆடிட் வந்தப்போ அதை "சப்சிடியரியின் ஒழுக்கக் குறைபாடு"ன்னு எழுதிட்டுப் போனாங்க, லிமிட் தப்பா இருக்கான்னு ஒரு வரி இல்ல. அந்த ஆடிட் ரிப்போர்ட்டை வெச்சு அடுத்த குவார்ட்டர்ல லிமிட்டை இன்னும் குறைக்கலாமான்னு ஒரு பேச்சு வேற வந்துச்சு. சப்சிடியரில வேலை பாக்குற யாருக்கும் இந்தச் சுத்து புதுசு இல்ல, மேல இருந்து இறுக்குவாங்க, கீழ வழி தேடுவாங்க, தேடின வழியைக் காட்டி இன்னும் இறுக்குவாங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், இன்டர்கம்பெனி பில். வெளி வெண்டர் 200க்கு பில் போட்டா மூணு பேர் பாக்கணும். ஆனா ஹெட் ஆபீஸ் எங்களுக்குப் போடுற மேனேஜ்மென்ட் ஃபீ, ஐடி ரீசார்ஜ் (குரூப் ஐடி செலவுல எங்க பங்கு), பிராண்ட் ராயல்டி, இதெல்லாம் "குரூப் என்டிட்டி"ன்னு செட் பண்ணியிருக்கிறதால யார் கையும் படாம நேரா எங்க புக்ஸ்ல ஏறி உக்காந்துடும். வெளி பில்லுக்கு டிஸ்ப்யூட் பட்டன் இருக்கு, குரூப் பில்லுக்கு அந்த பட்டனே வராது. எங்க வருஷ லாபத்தையே மாத்தக்கூடிய தொகை அது.

ஏன் இது வெறும் ஈகோ பிரச்சனை இல்லன்னா, அக்கவுன்ட்ஸ்ல கையெழுத்து போடுறது எங்க டைரக்டர்கள். டேக்ஸ் ஆபீஸர் வந்து "இந்த ஃபீக்கு உங்களுக்கு என்ன சேவை கிடைச்சுது, சம்பந்தமில்லாத ஒருத்தன்கிட்ட வாங்கியிருந்தா இவ்ளோ குடுத்திருப்பீங்களா"ன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது நாங்க. ஆர்ம்ஸ் லெங்த்னு சொல்றது இதைத்தான். இது சின்ன விளையாட்டு இல்ல, மருந்துக் கம்பெனி கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 2006ல அமெரிக்க வரித்துறையோட டிரான்ஸ்ஃபர் பிரைசிங் (ஒரே குரூப் கம்பெனிங்க தங்களுக்குள்ள போடுற விலை) தகராறை முடிக்க 340 கோடி டாலர் கட்டுச்சு, அமெரிக்க கம்பெனிக்கும் பிரிட்டிஷ் தாய் கம்பெனிக்கும் நடுவுல லாபம் எந்தப் பக்கம் விழணும்ங்கிறதுதான் சண்டையே. அப்படி இருக்கும்போது, பில் புக்ஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி அதுக்கு ஆதாரம் கேக்குற ஒரு ஸ்டெப் எங்க பக்கம் இருக்கணும்னு கேக்குறது நியாயம்தானே. நாங்க கேட்டோம். "குரூப்புக்குள்ள நம்பிக்கை இருக்கணும்"னு பதில் வந்துச்சு. இவங்கதான் எங்க எம்டி கையெழுத்தை பத்துல ஒரு பங்கா குறைச்சவங்க.

சட்டப்படி சப்சிடியரி ஒரு தனி கம்பெனி, அதுக்குன்னு போர்டு, பொறுப்பு, கையெழுத்து எல்லாம் இருக்கு. இதை மறந்துட்டு வொர்க்ஃப்ளோ டிசைன் பண்ணினா ரெண்டு பக்கமும் அடி விழும். சப்சிடியரி பக்கம் இது எவ்ளோ தூரம் போகும்னு பாக்கணும்னா, சிப் டிசைன் பண்ற பிரிட்டிஷ் கம்பெனி ஆர்மோட சீனப் பிரிவு ஆர்ம் சைனாவைப் பாருங்க. 2018ல ஆர்ம் அதுல 51% பங்கை சீன முதலீட்டாளர்களுக்குக் குடுத்துச்சு, 2020 ஜூன்ல போர்டு அதோட தலைவர் ஆலன் வூவை நீக்க ஓட்டு போட்டுச்சு, ஆனா கம்பெனியோட அதிகாரப்பூர்வ முத்திரை அவர் கையில, பதிவுப்படி சட்டப் பிரதிநிதியும் அவர்தான். 2022 வரைக்கும் அவரை அசைக்க முடியலை. நான் அதைச் சரின்னு சொல்லலை, மேல எடுத்த முடிவு சீனாவுல நடக்கணும்னா அங்க சட்டப்படி யார் கையெழுத்து செல்லும்னு முதல்ல பாத்திருக்கணும்னுதான் சொல்றேன்.

டாஷ்போர்டு பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். எங்க ஸ்டாக் எவ்ளோ, எந்த வெண்டருக்கு எத்தனை நாள் லேட், எந்த சேல்ஸ் ஆளு எவ்ளோ டிராவல் பண்ணினார், எல்லாம் ஹெட் ஆபீஸ்ல அதே நிமிஷம் தெரியும். எங்களுக்கு எங்க டேட்டா மட்டும்தான் தெரியும், மத்த சப்சிடியரியோடது சில விலை தவிர தெரியாது, ஹெட் ஆபீஸ் செலவு சுத்தமா தெரியாது. ஒரு தடவை எங்க ஸ்டாக் நம்பர் சிவப்பா மாறினதைப் பத்தி ரீஜனல் ஃபைனான்ஸ்ல இருந்து எங்க எம்டிக்கு போன் வந்தப்போ, அவருக்கு அந்த விஷயமே தெரியாது, காலைல வேர்ஹவுஸ்ல ஒரு ரசீது தப்பா என்ட்ரி ஆனதுதான் காரணம், நாங்க மத்தியானம் சரி பண்ணிட்டோம். தன் கம்பெனியைப் பத்தி தனக்கு முன்னாடி மேலிடத்துக்குத் தெரிஞ்சிடுதுன்னா அந்த ஆளு அப்புறம் முடிவே எடுக்க மாட்டார், எல்லாத்தையும் கேட்டுட்டுதான் செய்வார். எங்க எம்டி ஒரு வருஷத்துல அப்படி மாறிட்டு வந்ததை நான் கண்ணால பாத்தேன்.

1988ல ஸ்வீடனோட ஏஎஸ்இஏ (ASEA) கம்பெனியும் சுவிட்சர்லாந்தோட பிரவுன் பொவேரியும் சேந்து ஏபிபி ஆனப்போ அதோட தலைவர் பெர்சி பார்னெவிக் சுமார் 1,300 கம்பெனி, 5,000 ப்ராஃபிட் சென்டர்னு பிரிச்சு லோக்கல் ஆளுங்க கையில குடுத்தார், ஹெட் ஆபீஸை ரொம்ப சின்னதா வெச்சார். ஆனா அபாகஸ்னு ஒரே ரிப்போர்ட்டிங் சிஸ்டம் எல்லாரோட நம்பரையும் மாசாமாசம் மேல கொண்டு போய்ச் சேத்துச்சு. முடிவு கீழ, நம்பர் மேல. நாட்டுக்கு ஒரு பாஸ், பிசினஸுக்கு ஒரு பாஸ்னு இருந்த அந்த மேட்ரிக்ஸ் அமைப்பையும் 1998ல கைவிட்டாங்க, ரெண்டு பாஸுக்கு நடுவுல மாட்டிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு டாட்டட் லைன்ல (ரெண்டாவது பாஸுக்கும்) ரிப்போர்ட் பண்றவங்களுக்குத் தெரியும். ஆனா அதுல கூட மேல இருக்கவங்க நம்பரைப் பாத்தாங்களே தவிர கியர்பாக்ஸ் வாங்கலாமான்னு பாக்கலை. எங்களுக்கு வந்ததுல நம்பரும் மேல போச்சு, முடிவும் மேல போச்சு. நம்பர் மட்டும் போகட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, இப்போ 75 கோடி யூரோவுக்கு மேல டர்ன் ஓவர் இருக்கிற குரூப்புக்கு பல நாட்டுல 15% குறைந்தபட்ச வரி வேற வந்தாச்சு, நாடு நாடா கணக்கு இல்லாம ஹெட் ஆபீஸ் அந்த ரிட்டர்னை எப்படிப் போடும்.

சரி, டெம்ப்ளேட்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன். ஃபிட்-கேப் வொர்க்‌ஷாப்ல (சிஸ்டம் நம்ம வேலைக்கு எங்க பொருந்துது, எங்க இடிக்குதுன்னு பாக்குற கூட்டம்) நாங்க 23 மாற்றம் கேட்டோம், 2 கிடைச்சுது. எங்க பக்கத்து ரீஜன்ல ஒரு சப்சிடியரி, குரூப்போட ஒரு முக்கியமான பார்ட்டை உலகத்துலயே அவங்க ஃபேக்டரில மட்டும்தான் செய்யறாங்க, அவங்க கேட்டதுல பெரும்பாலும் ஒரே மீட்டிங்ல பாஸ் ஆச்சு, அவங்க எம்டி லிமிட் இன்னும் பழைய லிமிட்தான். யாரும் அதைத் தப்பா எடுத்துக்கலை, "அவங்க பிசினஸ் கிரிட்டிகல்"னாங்க. நீங்க இல்லாம குரூப் ஓடாதுன்னா உங்களுக்கு ஸ்டாண்டர்ட்ல விலக்கு கிடைக்கும், நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுன்னா நீங்கதான் ஸ்டாண்டர்ட்.

இது ரொம்பப் பழைய விஷயம்தான். பிலிப்ஸ் 1979ல வி2000ன்னு சொந்தமா ஒரு வீடியோ கேசட் சிஸ்டம் கொண்டு வந்துச்சு, ஆனா அமெரிக்கால இருந்த நார்த் அமெரிக்கன் பிலிப்ஸ் அதை விக்க மாட்டேன்னுட்டு, போட்டியாளர் மட்சுஷிதாகிட்ட விஎச்எஸ் வாங்கி தன் லேபிள் ஒட்டி வித்துச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல டிரஸ்ட் கையில போய் பல வருஷம் தனியா நின்னு பழகின கம்பெனி, பெரிய மார்க்கெட் வேற, ஐன்தோவன்ல இருந்த ஹெட் ஆபீஸ் சொன்னா கேக்கணும்னு ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி பலம் எங்களுக்குக் கனவுல கூட கிடையாது.

சின்ன சப்சிடியரிக்கு இருக்கிற ஒரே பெரிய சீட்டு உள்ளூர் சட்டம். "எங்களுக்கு இது வசதி இல்ல"ன்னு சொன்னா மெயில் கிடப்புல போகும், "எங்க சட்டம் இதை அனுமதிக்காது"ன்னா மறுநாளே கால் வரும். சிஸ்டத்தோட ஒரு எத்திக்ஸ் ஹாட்லைன் மாட்யூலும் வந்துச்சு, யார் மேல வேணும்னாலும் பேர் சொல்லாம புகார் போடலாம், ஒழுங்கு விதி மொத்தமும் ஹெட் ஆபீஸ்ல எழுதினது. நாங்க அப்போ வால்மார்ட் ஜெர்மனி விஷயத்தை எடுத்துக் காட்டினோம், 2005ல ஊழியர் கவுன்சிலைக் கேக்காம ஹாட்லைனும் நடத்தை விதியும் கொண்டு வந்ததை வுப்பர்டால் தொழிலாளர் கோர்ட் தப்புன்னுச்சு, ஊழியர்களுக்குள்ள காதல் உறவுக்குத் தடை போட்ட விதியும் அங்க செல்லலை. வால்மார்ட் 2006ல ஜெர்மனியை விட்டே போச்சு, அதுக்குப் பல காரணம். அதைக் காட்டின பிறகு எங்க மாட்யூலை உள்ளூர் வக்கீல் பாத்து மாத்தி எழுதின பிறகுதான் ஆன் பண்ணினாங்க, இப்போ அது நல்லாவே ஓடுது. இந்த சீட்டைப் பொய்யா மட்டும் போட்டுடாதீங்க. ஒரு சப்சிடியரி இல்லாத சட்டத்தைச் சொல்லி மாட்டிக்கிச்சு, அதுக்கப்புறம் எல்லாருமே எழுத்துல வக்கீல் ஒப்பீனியன் தரணும்னு ரூல் வந்துடுச்சு, உண்மையைச் சொன்னவங்களும் சேந்து கஷ்டப்படுறோம்.

சப்போர்ட் பத்தி: ஷேர்டு சர்வீஸ் சென்டர்ல இருக்கிற பசங்க நல்லவங்க, பொறுமையாப் பேசுறாங்க, ஆனா அவங்களை அளக்குறது எத்தனை டிக்கெட் க்ளோஸ் பண்ணினாங்கன்னுதான், பிரச்சனை தீந்துச்சான்னு இல்ல. கோ-லைவுக்கு அப்புறம் ஹைப்பர்கேர்னு 6 வாரம் கன்சல்டன்ட்ஸ் கூடவே இருந்தாங்க, நம்ம பிரச்சனை எல்லாம் முதல் குவார்ட்டர் க்ளோஸிங்லதான் வரும், அப்போ அவங்க கிளம்பிட்டாங்க. கான்ட்ராக்ட்ல ஹைப்பர்கேர் ஒரு முழு குவார்ட்டர் க்ளோஸை உள்ளடக்கணும்னு கேளுங்க.

மாற்றம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். தனியா நாங்க போட்ட சேஞ்ச் ரிக்வெஸ்ட் மூணு தடவை "லோ பிரையாரிட்டி"ன்னு திரும்புச்சு. அப்புறம் எங்களை மாதிரியே இன்னும் ரெண்டு சின்ன சப்சிடியரியோட ஃபைனான்ஸ் ஆளுங்களோட பேசினேன், அவங்களுக்கும் இதே கதை, ஒரு இடத்துல பாய்லர், ஒரு இடத்துல குளிர்பதன யூனிட். மூணு பேரும் நின்னுபோன மணி நேரத்தையும், அந்த நேரத்துல உற்பத்தியாகாம போன சரக்கோட மதிப்பையும், குரூப் கரன்சியில, அவங்க டாஷ்போர்டு ஃபார்மேட்லயே போட்டு ஒரே பேப்பரா அனுப்பினோம். புலம்பல் ஒரு வரி கூட இல்லாம எழுதினோம். ஹெட் ஆபீஸ்ல ப்ராசஸ் ஓனரா இருக்கிற அம்மா நேரா கால் பண்ணி, "இந்த நம்பர் எங்ககிட்ட வந்ததே இல்ல, எங்க ஸ்கிரீன்ல இது தெரியாது"ன்னாங்க. அவங்க மேல எனக்கு அதுக்கு அப்புறம் மரியாதை. அவங்களும் மேல ஒருத்தருக்குப் பதில் சொல்றவங்கதானே.

5 வாரத்துல எமர்ஜென்சி ரூட் வந்துச்சு. லைன் நின்னா பிளான்ட் மேனேஜர் 10,000 வரைக்கும் உடனே வாங்கலாம், வெண்டர் மாஸ்டர்ல (சிஸ்டத்துல இருக்கிற வெண்டர் லிஸ்ட்) இல்லாட்டியும் பரவாயில்ல, தடைப் பட்டியல் செக் மட்டும் அங்கேயே அஞ்சு நிமிஷத்துல பண்ணணும், 5 வேலை நாளுக்குள்ள ஆதாரத்தை ஏத்தணும், எல்லாம் தனி ரிப்போர்ட்ல ஹெட் ஆபீஸுக்குத் தெரியும். வந்து 7 மாசம் ஆச்சு, நாங்க 4 தடவை யூஸ் பண்ணியிருக்கோம், ஆடிட்ல நாலும் க்ளீன். பிஓ உடைக்கிறது தானா நின்னுச்சு, யாரையும் திட்ட வேண்டி வரலை. இன்டர்கம்பெனி பில்லுக்கு இன்னும் டிஸ்ப்யூட் பட்டன் கிடைக்கலை, ஆனா பில்லோட சேவை விவரம் அட்டாச் பண்ணாம போஸ்ட் ஆகாதுன்னு ஒரு கண்டிஷன் வாங்கியிருக்கோம்.

மார்க் கேட்டா, சாஃப்ட்வேருக்கு 5க்கு 4 தருவேன். எங்களுக்கு வந்தப்போ இருந்த செட்டப்புக்கு 1.5, இப்போ இருக்கிறதுக்கு 3. வாங்கலாமான்னு நீங்க கேக்குற நிலைமையில இருக்க மாட்டீங்க, அது உங்களைக் கேக்காமதான் வரும். வந்தா ஸ்கிரீன் கலரையும் ரிப்போர்ட்டையும் விட்டுட்டு முதல்ல அப்ரூவல் மேட்ரிக்ஸைக் கேளுங்க, வெண்டர் மாஸ்டர்ல யாரைக் கழிக்கிறாங்கன்னு லிஸ்ட் கேளுங்க, குரூப் பில் எந்த வழியா உள்ள வருதுன்னு கேளுங்க, அனெக்ஷரை ஒரு வரி விடாம படிங்க. லிமிட் எந்த கரன்சி, ரேட் எப்போ மாறும்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

அடுத்த மாசம் ரெண்டாவது வெர்ஷனுக்கு ஃபிட்-கேப் வொர்க்‌ஷாப் இருக்கு. ஒரு சப்சிடியரிக்கு ரெண்டு சீட்தான், போன தடவை நானும் ஐடி மேனேஜரும் போனோம். இந்தத் தடவை என் கூட வர்றது மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், அந்த 61 மணி நேரத்தை அவரே தன் கையால எழுதி வெச்ச ஷிஃப்ட் லாக் புக்கையும் எடுத்துட்டு வர்றார்.